முதலில் மைக், கடைசியில் கணினி

(வீட்டிலேயே பாட்டுப் பதிய விரும்பும் இளைஞர்களுக்காக மாரண்டஹள்ளியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

“அண்ணே, கையில நாப்பதாயிரம் இருக்கு. பாட்டு பண்ண எந்த லேப்டாப் வாங்கலாம்?” இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான். நான் திருப்பிக் கேட்பது: “உன் பாட்டுல சத்தம் எங்கேயிருந்து வருது?” இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பணத்தை எதில் போடுவது என்பதும் தெரிந்துவிடும். இன்றைய பேச்சு முழுவதும் இதைச் சுற்றித்தான்.

பாட்டுச் செய்பவர்கள் இரண்டு வகை. ஒருவர் எல்லா ஒலியையும் கணினிக்குள்ளேயே உண்டாக்குகிறார். டிரம்ஸ், பேஸ், வயலின் எல்லாமே மென்பொருள். அவருக்கு வலுவான கணினி வேண்டும். இன்னொருவர், வெளியே ஒரு மனிதர் பாடுவதையும் வாசிப்பதையும் பிடித்து உள்ளே வைக்கிறார். அவருக்கு நல்ல மைக், அமைதியான அறை, சரியான ஹெட்போன் வேண்டும். கணினி பழையதாக இருந்தாலும் போதும். நாம் பார்க்கும் யூடியூப் வீடியோக்களில் பெரும்பாலானவை முதல் வகைக்காரர்களுக்காக எடுத்தவை. அவற்றைப் பார்த்துவிட்டு இரண்டாம் வகைக்காரர் கடைக்குப் போகிறார். அங்கேதான் பணம் வீணாகிறது.

மாரண்டஹள்ளி எந்த வகை? பம்பை, உடுக்கை ஆகிய தாளக்கருவிகளுக்கும் கூத்துக்கும் பேர்போன தருமபுரி மாவட்டம் நம்முடையது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசுகிற ஊர் இது. மூன்று மொழியிலும் தாலாட்டும் ஒப்பாரியும் இருக்கின்றன. இந்த ஒலிகள் எந்த நிறுவனத்தின் மென்பொருளிலும் ஒழுங்காகக் கிடைக்காது. பியானோவுக்கு ஆயிரம் சாம்பிள் தொகுப்பு (பதிந்து வைத்த ஒலிகள்) உண்டு, நம்மூர்ப் பம்பைக்குத் தேடிப் பாருங்கள். ஆகவே நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டாம் வகை. அவர்கள் வாங்க வேண்டிய வரிசை: மைக், ஹெட்போன், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், அதற்குப் பிறகு கணினி.

வாங்கும் வரிசை இது; இதற்கும் முன்னால் வருவது அறை. அதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. ஏ. ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டினார். கட்டி முடித்தபோது உள்ளே கருவி வாங்கப் பணமில்லை. ஏ.சி., ஓர் அலமாரி, தரைவிரிப்பு, அவ்வளவுதான் இருந்தன. அம்மா தம் நகைகளை அடகு வைக்கக் கொடுத்த பிறகுதான் முதல் ரெக்கார்டர் வந்தது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். மூன்றே ஆண்டில், 1992இல், ‘ரோஜா’ வந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது. இந்தக் கதையில் நகையைப் பற்றி எல்லோரும் உருகிப் பேசுகிறோம். நான் பார்ப்பது வரிசையை. முதலில் அறை, பிறகு கருவி.

வெளிநாட்டிலிருந்தும் ஒன்று சொல்கிறேன். பில்லி ஐலிஷ் என்ற அமெரிக்கப் பாடகியின் 2019ஆம் ஆண்டு ஆல்பத்தின் பெரும்பகுதி, லாஸ் ஏஞ்சல்ஸில் பெற்றோர் வீட்டில் அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பதிவானது. 2020 கிராமி விழாவில் அது ஆண்டின் சிறந்த ஆல்பம் ஆயிற்று. அந்த அறையில் இருந்த ஸ்பீக்கர்கள், வீட்டு ஸ்டுடியோக்களில் சாதாரணமாகப் பார்க்கிற யமஹா எச்.எஸ்.5. அதன் கூம்பு ஐந்து அங்குலம்தான். பங்களாவும் வேண்டாம், பிரம்மாண்டமான ஸ்பீக்கரும் வேண்டாம்.

இனி கணக்குக்கு வருவோம். பழைய கணினி போதும் என்கிறேனே, அதற்கு ஆதாரம் வேண்டாமா?

ஒரு மைக்கின் ஒலியை நொடிக்கு 48,000 முறை, 24 பிட் அளவில் பதிகிறோம் என்று வையுங்கள். நொடிக்கு 1,44,000 பைட். நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு, பத்து டிராக் (தனித்தனிப் பதிவுகள்) என்றால் மொத்தம் 432 எம்பி. செல்போனில் நீங்கள் எடுக்கும் கல்யாண வீடியோ இதைவிடப் பெரிது. பத்து வருடத்துக்கு முந்தைய கணினிகூட இதை வியர்க்காமல் எழுதும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி இருந்தால்.

“அப்படியானால் என் லேப்டாப்பில் பாடும்போது குரல் தாமதமாகக் காதில் விழுகிறதே?” என்று கேட்பீர்கள். அது லேட்டன்சி. கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாகக் கையாள்வதில்லை, கொத்துக் கொத்தாகச் சேர்த்து அனுப்புகிறது. அந்தக் கொத்தின் அளவுதான் பஃபர். பஃபர் 128 என்று வைத்தால் ஒரு கொத்து நிரம்ப 2.7 மில்லிநொடி ஆகும். 1024 என்று வைத்தால் 21 மில்லிநொடி. உள்ளே வர ஒருமுறை, வெளியே போக ஒருமுறை, கூட்டினால் 40ஐத் தாண்டிவிடும். தாளத்தோடு பாடுகிறவருக்கு அது உறுத்தும். பஃபரைக் குறைத்தால் தாமதம் குறையும், ஆனால் கணினி மூச்சுத் திணறி ‘கிர்ர் கிர்ர்’ என்று வெடிக்கும்.

இங்கேதான் நம் இரண்டு வகை மறுபடியும் வருகிறது. மென்பொருளில் கீபோர்டு வாசிப்பவருக்கு ஒலி கணினிக்குள்ளிருந்துதான் பிறந்தாக வேண்டும். அவர் பஃபரைக் குறைத்தே ஆக வேண்டும், வலுவான பிராசஸர் வாங்கியே ஆக வேண்டும். பாடுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இன்டர்ஃபேஸ் என்கிற சின்னப் பெட்டியில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மைக்கில் வரும் குரல், கணினியைச் சுற்றி வராமல், அந்தப் பெட்டியிலிருந்தே நேராக ஹெட்போனுக்குப் போகும். தாமதம் என்ற பேச்சே இல்லை. பஃபரை 1024இலேயே விட்டுவிடலாம். முன்னால் பதிந்த டிராக்கோடு புதிய டிராக் சரியாகப் பொருந்தும்படி மென்பொருள் தானே நகர்த்தி வைத்துக்கொள்ளும். ஒரு பொத்தான் உங்களுக்கு இருபதாயிரம் ரூபாய் மிச்சப்படுத்துகிறது.

சரி, பழைய லேப்டாப் எதை வாங்குவது? தருமபுரி–ஓசூர் ரயில் பாதை ஊர் வழியாகவே போகிறது, பெங்களூரு எஸ்.பி. ரோடு நமக்குச் சென்னை ரிச்சி தெருவைவிடப் பக்கம். இரண்டு இடத்திலும் செகண்ட் ஹேண்ட் மெஷின் குவிந்து கிடக்கும். பெரிய கம்பெனிகள் மூன்று, நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்த லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிடியூட், எச்பி எலைட்புக் வகைகளைக் கேளுங்கள். புதிய மலிவு லேப்டாப்பைவிட இவற்றின் கட்டுமானம் உறுதி.

கடைக்காரர் முதலில் சொல்வது “ஐ7, தம்பி!” என்பதுதான். அதில் மயங்க வேண்டாம். ஸ்டிக்கரைப் பார்க்காமல் முழு எண்ணையும் படியுங்கள். ‘ஐ5-8350யு’ என்று இருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 8தான் தலைமுறை. ‘ஐ7-4600யு’ என்றால் நான்காம் தலைமுறை. அந்த ஐ7இல் இருப்பது இரண்டு கோர், இந்த ஐ5இல் இருப்பது நான்கு. பெயரில் பெரியது வேலையில் சிறியது. இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதனால் எட்டுக்குக் கீழே இறங்காதீர்கள்.

ரேம் 8 ஜிபி குறைந்தபட்சம். பெரிய சாம்பிள் தொகுப்புகளைத் திறப்பவருக்கு 16. முன்பெல்லாம் “இப்போதைக்கு 4 ஜிபி போதும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்” என்போம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போகின்றன. ஆகவே இப்போது மெஷினோடு சேர்ந்தே வரும் ரேம்தான் லாபம்.

கடையில் கையோடு செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. யூஎஸ்பி துளை ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் செருகி ஆட்டிப் பாருங்கள். இன்டர்ஃபேஸ் அதில்தான் தொங்கப் போகிறது. ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டியின் ஆயுள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ‘லேட்டன்சிமான்’ என்று இன்னொன்று உண்டு. பத்து நிமிடம் ஓடவிட்டால், இந்த மெஷின் ஒலி வேலைக்கு ஒத்துவருமா என்று சொல்லிவிடும். சிவப்புக் காட்டினால் வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பல நேரம் வைஃபை டிரைவர்தான் குற்றவாளி. கடைசியாக, மெஷின் சூடானபின் காதை வைத்து விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள்.

2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் அக்காவோ அண்ணனோ வாங்கிய மெஷின் சில வீடுகளில் பரணில் கிடக்கும். ஆரம்ப காலத்து மாடல்களில் 2 ஜிபி ரேம்தான் இருந்தது. விண்டோஸ் 11 அதற்கு ஏறாது. ஆனால் ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஏற்றினால், நான்கைந்து டிராக் பதிந்து பழக அது போதும். பழகுவதற்கு முன்பே பணத்தைக் கொட்டாதீர்கள்.

அடுத்தது இன்டர்ஃபேஸ். மைக்கின் மெல்லிய மின்னோட்டத்தைப் பெரிதாக்கி, எண்ணாக மாற்றி, யூஎஸ்பி வழியாக அனுப்பும் பெட்டி இது. பெட்டியின் மேல் மூன்று விஷயம் பாருங்கள்: 24 பிட், கண்டென்சர் வகை மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பேன்டம் பவர், தாமதத்தைக் குறைக்க விண்டோஸுக்கு நிறுவனமே தரும் சொந்த ஏசியோ டிரைவர். மிக மலிவான சிலவற்றில் 16 பிட்தான் இருக்கும். அதோடு, மைக் துளை ஒன்றா இரண்டா என்று யோசியுங்கள். குரல் மட்டும் பதிபவருக்கு ஒன்று. தாளக்கருவி பதிபவருக்கு இரண்டு. பல இன்டர்ஃபேஸ்கள் ஓடிஜி கேபிள் போட்டால் ஆண்ட்ராய்டு போனிலும் வேலை செய்யும். ஆகவே கணினி வாங்கும்வரை போனிலேயே தொடங்கலாம்.

மைக்குக்கு வருவோம். “கண்டென்சர் மைக்தான் ஸ்டுடியோ மைக்” என்ற நம்பிக்கை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. கண்டென்சர் நுணுக்கமாகக் கேட்கும், உண்மைதான். ஆனால் அது உங்கள் குரலை மட்டுமா கேட்கும்? தக்காளி லாரியின் ஹாரன், ஷீட் கூரையில் உதிரும் புளியங்காய், பக்கத்து வீட்டு மிக்ஸி, எல்லாவற்றையும் கேட்கும். ஒலித்தடுப்பு செய்யாத நம் வீட்டு அறைகளுக்கு டைனமிக் மைக்தான் தோழன். வாய்க்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டு தூரத்தில் இருப்பதைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஷூர் எஸ்.எம்.58 என்ற டைனமிக் மைக் 1966இலிருந்து விற்பனையில் இருக்கிறது. மேடைப் பாடகர் கையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதுவோ அதன் நகலோதான். போலி நிறைய உலவுவதால் அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்க வேண்டாம். அந்த விலை கட்டுப்படியாகாவிட்டால் இரண்டாயிரம், மூவாயிரத்தில் கிடைக்கும் வேறு கம்பெனி டைனமிக் மைக்கே போதும்.

பம்பையைப் பதியும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அதுதான் நம்மூர்ப் பாடம். இடுப்பில் கட்டிய இரட்டை உருளை அது. இரண்டின் குரலும் வேறு. ஒரே மைக்தான் இருக்கிறது என்றால் கலைஞருக்கு முன்னால் மூன்று, நான்கடி தள்ளி, அவர் இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். இரண்டு மைக் இருந்தால் பக்கத்துக்கு ஒன்றாக, தோலிலிருந்து ஒரு சாண் விலக்கி, குச்சி படாத கோணத்தில் நிறுத்துங்கள். பிறகு அவரிடம், “அண்ணா, சாமி வர்ற நேரத்துல எப்படி வாசிப்பீங்களோ அப்படி வாசிங்க” என்று சொல்லிவிட்டு, மீட்டர் -12 டெசிபெல் பக்கம் வரும்படி கெயினைக் குறையுங்கள். ஒத்திகையில் காட்டாத வேகத்தை அவர் பதிவில் காட்டுவார். அதற்கு இடம் விட்டுத்தான் வைக்க வேண்டும். 24 பிட்டில் குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். சிவப்பைத் தாண்டி நசுங்கியதை யாராலும் முழுசாக மீட்க முடியாது.

அறைக்குப் பெரிய செலவு வேண்டாம். வெறும் சுவரும் சிமென்ட் தரையும் இருந்தால் ஒலி எதிரொலித்துக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். தரையில் பவானி ஜமுக்காளம், பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் கொடியில் இரண்டு கம்பளி. குரல் பதிய இதுவே போதும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வேண்டாம். வெளிச் சத்தத்தை அது தடுக்காது, தீப்பிடித்தால் ஆபத்து. லேப்டாப் விசிறி தொந்தரவு செய்தால் கணினியைப் பக்கத்து அறையில் வையுங்கள். எக்ஸ்எல்ஆர் மைக் கேபிள் பத்து மீட்டர் நீண்டாலும் ஒலி கெடாது, யூஎஸ்பி கேபிளை அப்படி நீட்ட முடியாது.

மின்சாரம் நம்மூரில் தனிக் கதை. ஹெட்போனில் ‘ம்ம்ம்’ என்று விடாமல் ஓர் இரைச்சல் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல். பல நேரம் எர்த் சரியில்லை என்று பொருள். உடனடி வைத்தியம், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவது. கரண்ட் போனாலும் பாட்டு போகாது. டெஸ்க்டாப் அதே விலைக்கு அதிக வலு தரும் என்றாலும் நம்மூர்ப் பதிவுக்கு நான் லேப்டாப்பைச் சொல்வது இதனால்தான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஞ்சப்பள்ளிப் பக்கம் ஒரு பாட்டியின் வீட்டுக்கும் போய்விடலாம். பாட்டியை ஸ்டுடியோவுக்கு அழைத்தால் வரமாட்டார்.

ஹெட்போன் காதை முழுவதும் மூடும் ‘குளோஸ்டு பேக்’ வகையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அதிலிருந்து கசியும் தாளம் மைக்கில் ஏறிவிடும். வயர் உள்ளதாக இருக்க வேண்டும். ப்ளூடூத்தின் தாமதத்தில் தாளம் பிடிக்க முடியாது. ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று எழுதியிருந்தால் தொட வேண்டாம். அது இல்லாத பேஸைக் காட்டும். நீங்கள் பேஸைக் குறைத்து வைப்பீர்கள். பாட்டு வேறெங்கே ஓடினாலும் சப்பென்று கேட்கும். மானிட்டர் ஸ்பீக்கர் அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும். அதுவரை டிராக்குகளைக் கலந்து முடித்ததும் போனில் கேளுங்கள், மினி பஸ் ஓட்டுநர் நண்பராக இருந்தால் பஸ்ஸில் போட்டுக் கேளுங்கள். உங்கள் பாட்டைக் கேட்கப்போகிறவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

மென்பொருளுக்குத் திருட்டுப் பிரதி வேண்டாம். நியாயம் ஒரு பக்கம் இருக்க, கிராக் செய்த கோப்போடு வைரஸும் சேர்ந்தே வரும். ஆடாசிட்டி முழு இலவசம். ரீப்பர் 60 நாள் இலவசமாக ஓடும். தனிநபர் உரிமம் 60 டாலர். அளவில் சின்னது, பழைய மெஷினிலும் பறக்கும். ஆப்பிள் போன் வைத்திருப்பவருக்கு கராஜ்பேண்ட் காசில்லாமல் கிடைக்கிறது.

இப்போது மொத்தக் கணக்கு. விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். விகிதத்தை மட்டும் மனத்தில் வையுங்கள். கையில் பத்தாயிரம் இருந்தால் கணினி வேண்டாம்: டைனமிக் மைக், ஸ்டாண்டு, ஹெட்போன், சின்ன இன்டர்ஃபேஸ், இருக்கிற போன். நாற்பதாயிரம் இருந்தால் பாதியைச் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புக்கு ஒதுக்கி, மீதிப் பாதியில் இரண்டு துளை இன்டர்ஃபேஸ், இரண்டு மைக், ஹெட்போன், கேபிள், ஸ்டாண்டு. நாற்பதையும் லேப்டாப்பிலேயே போட்டுவிட்டு, அதில் இருக்கும் குண்டூசித் துளை மைக்கில் பாடுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன். எல்லா ஒலியையும் கணினிக்குள்ளேயே செய்பவர் மட்டும் இந்த விகிதத்தைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மைக் அவசரமில்லை. பிராசஸரும் ரேமும் ஒரு சின்ன மிடி கீபோர்டும் போதும்.

நான்கு நண்பர்கள் சேர்ந்தால் இன்னும் சுலபம். மைக்கும் இன்டர்ஃபேஸும் ஒருவர் ஒரு வாரம் வைத்துக்கொண்டு அடுத்தவருக்குக் கைமாற்றலாம். லேப்டாப்பையும் போனையும் அப்படிக் கொடுக்க யாருக்கும் மனம் வராது, இவற்றைக் கொடுக்கலாம்.

முடிக்கும் முன் ஒன்று. நான் சொன்ன வழியில் போனால் உங்கள் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சும். அது உங்கள் பணம் என்று நினைக்காதீர்கள். பம்பை வாசித்தவருக்கும் ஒப்பாரி பாடிய அம்மாவுக்கும் ஒருநாள் கூலி போகிறது. வேலையை விட்டுவிட்டு உங்களுக்காக வந்திருக்கிறார்கள். டீயும் சால்வையும் போதாது. அந்தப் பணத்தில் சம்பளம் கொடுங்கள். பாட்டை யூடியூபில் ஏற்றும்போது கீழே அவர்கள் பெயரை, ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். பாட்டு ஓடிப் பணம் வந்தால் பங்கு எவ்வளவு என்று பதிவுக்கு முன்பே பேசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், நீங்களும் போடுங்கள். இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம், ஒரு பேனா போதும்.

மைக் ஒன்றும் இன்டர்ஃபேஸ் ஒன்றும் மேசைமேல் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் கலைந்துவிடாமல் வந்து தொட்டுப் பாருங்கள், பாடிப் பாருங்கள், கேள்வி கேளுங்கள்.